ஏற்காட்டு ‘ஆ’ டாக்டரம்மா

மனிதருக்கு முகம் என்பது தேவையே இல்லாத சாமான் என்று நிரூபித்துக் காட்டியவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். ஏற்காடு கடைவீதியில், ஒரு பழக்கடைக்கு மேல் மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த ‘ஆ’ டாக்டரம்மா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வாசல் பலகையில் எழுதியும் இருந்தது. பனியும் பாசியும் பிடித்து அதில் பாதி எழுத்து போய்விட்டதால் யாரும் படித்ததில்லை. உள்ளே போகிறவர் கலெக்டராக இருந்தாலும், மிளகு பறிக்கிறவராக இருந்தாலும், டாக்டரம்மா வாயிலிருந்து வரும் முதல் சொல் “ஆ”. வணக்கம், உட்காருங்க, என்ன தொந்தரவு எதுவும் கிடையாது. நாம் ‘ஆ’ காட்டிய பிறகுதான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். “அட, நீங்களா! வாழவந்தியில இருக்கற உங்க அத்தைக்கு மூட்டு வலி தேவலைங்களா?” என்பார்.

டாக்டரம்மாவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. பிறவியிலேயே அப்படி. ஒருமுறை அவரே என்னிடம் சொன்னார்.

“கண்ணு, மூக்கு எல்லாம் பாக்கறப்ப தெரியுதுங்க. அந்தப் பக்கம் திரும்பிட்டு வந்தா அழிஞ்சு போயிருது. சிலேட்டை ஈரத்துணியில தொடச்ச மாதிரி.”

“அப்ப என் முகம்?”

“இப்ப இருக்குதுங்க. நீங்க படி எறங்கறதுக்குள்ள போயிரும்.”

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். அன்றைக்குப் படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் என் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுவது போலவே இருந்தது. கீழே பழக்கடைக் கண்ணாடியில் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

அவர் கணவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வெளியே எங்கே போனாலும் ஆரஞ்சு நிற மப்ளர் கட்டியிருப்பார், மனைவிக்கு அடையாளம். ஒரு சீசன் சமயத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர் அதே நிற மப்ளரோடு ஏரிக்கரையில் நின்று தொலைத்தார். டாக்டரம்மா நேராகப் போய் காய்கறிப் பையை அவர் கையில் மாட்டிவிட்டு, “நடங்க, குளிருது” என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதரும் என்ன செய்வதென்று தெரியாமல் பையோடு பாதி ஏரியைச் சுற்றிவிட்டார். கடைசியில் கொட்டாவி விட்டதால் தப்பித்தார். “ஏனுங்க, நீங்க யாரு? என்ற ஊட்டுக்காரருக்கு மேல்வரிசையில இடுக்கு இருக்குதே!” என்று டாக்டரம்மா பையைப் பிடுங்கிக்கொண்டாராம்.

கடைவீதியில் பனி இறங்கியிருக்கும் மத்தியானங்களில் அவரைச் சந்திப்பது இன்னும் ஒரு அனுபவம். நாலடி தூரத்தில் ஒரு உருவம் அசையும். நாம் வணக்கம் சொல்வோம். அந்த உருவம் பக்கத்தில் வந்து, நம் முகத்தைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் “ஆ” என்று கேட்கும். புதிதாக ஊருக்கு வந்த தபால்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தபால் பையோடு ஓடியே போய்விட்டார்.

அப்போது நான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். லாட்ஜ் மேனேஜருக்கு இரண்டு தகுதி வேண்டும். ஒருமுறை வந்தவர் முகம் மறக்கக் கூடாது. வருகிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். முதல் தகுதி எனக்கு அமோகமாக இருந்தது. இரண்டாவதில்தான் இடைஞ்சல். பல் துலக்கினால் ரத்தம். ஆப்பிளைக் கடித்தால் ஆப்பிளில் ரத்தம். காலையில் தலையணையில் ரத்தம். ஈறு வீங்கி, பழைய ஜன்னலின் கம்பி போல முன்பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன. நான் சிரித்தால் கிளம்பும் வாடையில் வாடிக்கையாளர்கள் ரூம் சாவியை எட்டி நின்றே வாங்கினார்கள்.

டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். பார்க்கும்போதே எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“மூணு… மூணு… அஞ்சு… ஏழு…”

உதவிக்கு ஆள் கிடையாது. எதிரே அலமாரியில் வைத்திருந்த செல்போனில்தான் அதைப் பதிவு செய்தார். பிறகு அதை ஓடவிட்டு அட்டையில் எழுதிக்கொண்டார். அவர் வாய் மூடியிருக்க, மூலையிலிருந்து அவர் குரல் மட்டும் “அஞ்சு… ஏழு… ஏழு…” என்று வந்தது. எனக்கு மிச்சம் இருக்கும் வருஷங்களைத்தான் யாரோ சொல்கிறார்கள் என்று நினைத்து, மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“மூணு மில்லிமீட்டர் வரைக்கும் நல்லதுங்க. ஏழுன்னா பல்லுக்குப் பக்கத்துல அத்தனை ஆழத்துக்குப் பை விழுந்திருச்சு. அந்தப் பைக்குள்ள கிருமி குடித்தனம் பண்ணுது. சர்க்கரை இருக்குதுங்களா?”

“இல்லைங்க.”

“நாளைக்கே பாத்துட்டு வந்து சொல்லுங்க. சர்க்கரை கட்டுல இல்லீன்னா நான் என்ன பண்ணுனாலும் ஈறு ஆறாது.”

பார்த்தேன், சர்க்கரை இல்லை. வாயை நாலு பங்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பங்கு என்று நாலு வாரம். முதலில் மிஷின் வைத்துப் பல்லில் ஏறியிருக்கும் காறையைச் சுரண்டுவது. அப்புறம் லேசர். மலையிலேயே அவரிடம்தான் அந்த மிஷின் இருந்தது.

லேசர் அன்றைக்கு எனக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு, தானும் ஒன்று மாட்டிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து அறையில் பாதியை அழித்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே உலகம் பச்சையாகத் தெரிந்தது. அந்தப் பச்சைக்குள் டாக்டரம்மாவின் குரல், என்ன நடக்கும் என்பதை, நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சொல்லிக்கொண்டே வந்தது.

“இப்ப உதடு தடிச்ச மாதிரி இருக்கும்.”

இருந்தது.

“நூலு மாதிரி ஒண்ணு ஈறுக்குள்ள போவும். வலிக்காது. சூடா ஒரு எறும்பு நடக்கற மாதிரி இருக்கும்.”

எறும்பு நடந்தது.

“மிஷினு கூப்புடும். பயப்படாதீங்க.”

மிஷின் ‘பீப், பீப்’ என்று யாரையோ கூப்பிட்டது.

“இப்ப ஒரு வாசனை வரும். கோழி முடியைப் பொசுக்குன மாதிரி.”

வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் கேட்டேன்.

“அது நீங்கதானுங்க.”

என் வாசனையை நானே முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன். உள்ளே அழுகிப்போன சதையையும் கிருமியையும்தான் அந்த வெளிச்சம் பொசுக்குகிறது என்று அவர் விளக்கினார். கத்தி வைத்து அறுத்தால் வருகிற ரத்தத்தில் கால்வாசிகூட வரவில்லை. எழுந்து வாய் கொப்புளித்ததும் மிரட்ட ஆரம்பித்தார்.

“லேசருங்கறது மந்திரம் இல்லைங்க. நான் பண்ணுனது பாதி. மீதி உங்க கையில. மெத்துனு இருக்கற பிரஷ்ல தெனம் ரெண்டு வேளை தேய்க்கோணும். இன்னைக்குக் காரம் கூடாது, சூடு கூடாது. ஆறின கூழு, தயிர் சாதம். குச்சி விட்டு நோண்டக் கூடாது. ரெண்டு நாளைக்கு லேசா வீங்கும், கூசும்.”

“காப்பி?”

“ஆற வெச்சுக் குடிங்க.”

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஆறின காப்பி குடிப்பதைவிட லேசர் எவ்வளவோ மேல்.

அவர் சொன்னதில் இன்னொன்றும் நடந்தது. வீக்கம் வற்றினால் ஈறு ஒட்டிப்போய்ப் பல் நீளமாகத் தெரியும் என்றார். “பல்லு வளரலீங்க, பயந்துக்காதீங்க” என்றார். நான் பயப்படவில்லை. பயந்தது சென்னையிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. ஒருநாள் காலையில் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, நீண்ட பற்களோடு நான் மனசாரச் சிரித்து “நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்டேன். மதியமே ரூமைக் காலி செய்துவிட்டார்கள்.

அந்த வாரங்களில் டாக்டரம்மாவிடம் எனக்கு முன்னால் முறை வாங்கியிருந்தவர், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுகிறவர், ஐம்பது வயது. நூறு ஆளை ஒரு அதட்டலில் நிறுத்துகிற மனுஷன், டாக்டரம்மாவின் “ஆ”வுக்கு முன்னால் நடுங்குவார். மூன்று பங்கு முடிந்துவிட்டது. மூன்றாவது அன்று டாக்டரம்மா, “அடுத்த வாரம் இருக்குதுங்க உங்களுக்கு. நாலாவது பக்கத்துலதான் எல்லாம் குடியிருக்குது” என்று சாதாரணமாகத்தான் சொன்னார். ரைட்டர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கேட்டீங்களா சார்? எல்லாம் குடியிருக்குதாம்.”

“கிருமிய சொல்றாங்க ரைட்டரே.”

“அந்தம்மா குரலு அப்படிச் சொல்லலீங்களே.”

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. ‘பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செல்போனைக்கூட எடுக்காமல் கிளம்பியவர்தான். தை மாதம். மலையில் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாத பனி. ஐந்து நாள் தேடினார்கள். ஆறாம் நாள், விறகு பொறுக்கப் போன பெண்கள் மலைப்பாதைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் ஒரு ஆளைப் பார்த்தார்கள். உயிர் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை.

ரைட்டரின் மச்சான் போய்ப் பார்த்தார். அதே உயரம், அதே பழுப்பு ஸ்வெட்டர். “எங்க மாமாதானுங்க” என்று அழுதார். நாகலூரில் பந்தல் போட்டுவிட்டார்கள்.

ஏட்டு ஒருவர், ரைட்டர் கடைசியாக எங்கே கிளம்பினார் என்பதை எழுத டாக்டரம்மாவிடம் வந்தார். அப்போது நான் வாயில் பஞ்சோடு அங்கே இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

“அவரு வாய் எனக்குத் தெரியும். நான் பாக்கலாமுங்களா?”

லாட்ஜ் ஜீப்பில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நடுப்பகலில் விளக்கைப் போட்டு, ஊர்ந்து போனோம். வழியில் ஒரு தடவை மட்டும், தனக்குத்தானே போல, “மூணு பக்கம் நான் பாத்திருக்கேன்” என்றார்.

பிணவறை வாசலோடு நான் நின்றுவிட்டேன். உள்ளே ஆஸ்பத்திரி டாக்டர், ஏட்டு, மச்சான். மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒருவர்தான் அந்த ஆளை, மற்ற எல்லாரையும் பார்ப்பது போலவே பார்த்தார். பக்கத்தில் போனார். நெற்றி விளக்கைப் போட்டார். பழக்கதோஷம்.

“ஆ காட்டுங்க சாமி” என்றார்.

தாடையில் விரல் வைத்தார். வாய் திறந்தது. வாசலில் நின்ற என் வாயும் கூடவே திறந்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குளிர் அறையில் அவர் குரல் மெதுவாக ஒவ்வொரு பல்லாகச் சொல்லிக்கொண்டு போனது. ஓரிடத்தில் நின்றது.

“இது ரைட்டர் இல்லைங்க.”

மச்சான் ஆவேசமாகிவிட்டார். “என்னங்க சொல்றீங்க? எங்க மாமனை எனக்குத் தெரியாதுங்களா? முப்பது வருசமா பாத்த மொகம்!”

“மொகத்தை நானும் பாக்கலீங்க, நீங்களும் பாக்கல. நீங்க பாத்தது ஸ்வெட்டரு. ரைட்டருக்குக் கீழ வலது பக்கம் ஒரு கடவாப்பல்லு கெடையாது. போன வருசம் நான்தான் எடுத்தேன். இவருக்கு அது இருக்குது. எடுத்த பல்லு மறுபடியும் மொளைக்காதுங்க.”

ஆஸ்பத்திரிக்காரர் குனிந்து பார்த்தார். பல் இருந்தது. ஏட்டு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

நாகலூருக்கும் அவரே வந்தார். பந்தலுக்குள் நாற்பது ஐம்பது பெண்கள். யார் ரைட்டர் சம்சாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்னால் நிறுத்தினேன்.

“ஏனுங்க, அது உங்க ஊட்டுக்காரரு இல்லைங்க.”

அந்த அம்மாள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப அவரு எங்கீங்க?”

“தெரியாதுங்க. ஆனா அங்க இல்ல.”

ரைட்டர் சம்சாரம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு முழுதாகக் குடித்தார். இரண்டு நாளாக வாயில் எதுவும் வைக்கவில்லையாம்.

பந்தலைப் பிரிக்கவும் தைரியம் இல்லை, வைத்திருக்கவும் மனசில்லை. அப்படியே மூன்று நாள் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் நாகலூர் பஸ்ஸிலிருந்து ஒரு மொட்டைத்தலை இறங்கியது. தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா. பந்தலைப் பார்த்துவிட்டுப் பதறி ஓடிவந்து, “ஐயோ, நம்ம ஊட்டுல யாரு போயிட்டாங்க?” என்று கேட்டது.

கேட்கப்பட்டவர் மச்சான். அப்படியே உட்கார்ந்தவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நடந்தது இதுதான். நாலாவது பக்கத்துக்குப் பயந்த ரைட்டர், பல் டாக்டருக்குப் பதிலாக முருகனிடம் போவது என்று முடிவு செய்திருக்கிறார். சேலத்தில் பழனிக்கு நடந்து போகிற ஒரு கூட்டம் கிடைத்தது. சொன்னால் மனைவி விடமாட்டாள் என்று போனை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மலையேறிக் கும்பிட்டு, மொட்டை போட்டு, ‘மீதிக் கால்வாசியை நீயே பாத்துக்க முருகா’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மனைவி அன்றைக்கே அவரைத் தரதரவென்று மாடிக்கு இழுத்து வந்தார். மொட்டையில், பாதி நாகலூருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. “ஆ” என்றார். பார்த்தார். “வாங்க ரைட்டரே. முருகரு இந்தப் பக்கம் வந்த மாதிரி தெரியலீங்களே” என்று கண்ணாடியை மாட்டிவிட்டார். கால் மணி நேரம். ரைட்டர் எழுந்து, “இவ்வளவுதானுங்களா?” என்று கேட்டது கீழே பழக்கடை வரைக்கும் கேட்டது.

ஊர் சிரித்துக்கொண்டு போய்விட்டது. டாக்டரம்மா போகவில்லை. ரைட்டர் இல்லை என்றால், அது யார்?

அவர் அலமாரியில் ஒரு புது அட்டை இருந்ததை நான் பார்த்தேன். பெயர் எழுதும் இடம் காலி. அதற்குக் கீழே அந்த ஆளின் முப்பத்திரண்டு இடமும் சுத்தமாக எழுதியிருந்தது. உயிரோடு இருக்கும் எங்கள் அட்டைகளுக்கு நடுவே அதையும் செருகி வைத்திருந்தார். மாலையில் ஆள் வராத நேரத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“மேல்வரிசை முன்பல்லுல யாரோ நல்லா வேலை செஞ்சிருக்காங்க. செஞ்ச கைக்கு அது தெரியும்” என்றார். ஏட்டிடம் சொல்லிவிட்டு, தெரிந்த பல் டாக்டர்களுக்கெல்லாம் அந்தக் குறிப்பை அனுப்பினார். பதினோராம் நாள் தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டு, அந்த முன்பல் தன் கைவேலை என்றும் ஆள் யார் என்றும் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து, இறந்துபோன அந்த மனிதரின் மகள் டாக்டரம்மாவைப் பார்க்க வந்தார். முப்பது வயது இருக்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. அப்பாவுக்கு நினைவு தப்பும் வியாதி என்றார். வீட்டுக் கதவு திறந்திருந்த ஒரு நிமிஷத்தில் கிளம்பி, எந்தெந்த பஸ்ஸிலோ ஏறி இந்த மலைக்கு வந்திருக்கிறார்.

“கடைசில எங்க மொகமே அவருக்கு மறந்துபோச்சுங்க டாக்டர். என்னைப் பாத்து ‘நீ யாரும்மா?’ன்னு கேப்பாரு. நானும் அவரு மொகத்தை ஒரு தடவ பாக்காமயே அனுப்பிட்டேன்.”

டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கு எல்லாரு மொகமும் மறந்துதான் கண்ணு இருக்குது. என்ற புள்ளை மொகம்கூட. அதுக்காக ஆளு மறந்துபோச்சுன்னு அர்த்தமில்ல சாமி.”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தார்.

“உங்கப்பாவுக்கு யாரு பல்லு தேச்சு விட்டது?”

“நாந்தானுங்க. அவருக்குத் தேய்க்கத் தெரியாம போச்சு. தெனம் ரெண்டு வேளை உக்கார வெச்சுத் தேச்சு விடுவேன்.”

“தெரிஞ்சுது. அந்த வயசுல அத்தனை சுத்தமான வாயை நான் பாத்ததில்ல. யாரோ கூடவே இருந்து பாத்துக்கிட்ட ஆளுன்னு அன்னைக்கே தெரிஞ்சுதுங்க கண்ணு. கவனிப்பார் இல்லாத ஆளு இல்லைன்னு அன்னைக்கே ஏட்டுகிட்ட சொன்னேன்.”

வெளியே பனி படியேறி வந்துகொண்டிருந்தது. என் முறை வந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது நான் சேலத்தோடு வந்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே இரண்டு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டிலும் லேசர் இருக்கிறது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகிறேன். ஈறு கெட்டியாகிவிட்டது, இனி வருஷத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் போதவில்லை.